பாளை சீவியவருக்குப் பட்டப் படிப்பில் என்ன இடம்?

நாற்பது வயதுக்கு மேல் கல்லூரியில் சேர வருகிறவரிடமும் பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் கேட்பதைத்தான் கேட்கிறோம்: பள்ளிச் சான்றிதழ் எங்கே, மதிப்பெண் எவ்வளவு? இடைப்பட்ட காலத்தில் அவர் கற்றதெல்லாம் எந்தக் கணக்கில் சேரும்?

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் எங்கள் நல்லேப்பிள்ளி இருக்கும் சித்தூர் வட்டாரம் கள்ளுக்குப் பேர்போனது. தென்னையேறும் ஒருவரிடம் தொழிலைப் பற்றிக் கேட்டேன். விரியாத பாளையைக் கட்டி, நாள்தோறும் தட்டி, நுனியைச் சீவிப் பதப்படுத்த வேண்டும். சுரக்கத் தொடங்கவே பல நாள் பிடிக்கும். "ஓங்கித் தட்டினா உள்ள பூவு நசுங்கிப் போயிருமுங்க. பட்டும் படாம தட்டினா சுரக்காது. கனமாச் சீவினா பாளை சீக்கிரம் தீந்துரும்" என்றார். தாவரவியல் மாணவர் படத்தில் பார்க்கும் சாறோட்டத்தை இவர் கைப்பக்குவத்தில் வைத்திருக்கிறார். கள் ஏன் நுரைக்கிறது என்று கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. அதைக் கல்லூரி சொல்லித் தரட்டும்; தெரிந்ததை மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொல்வானேன்?

பிரான்ஸ் 2002-இலேயே இதற்குச் சட்டம் செய்துவிட்டது. செய்த வேலையையும் அதில் கற்றதையும் விரிவாக எழுதிக் கொடுத்து, நடுவர் குழுவின் கேள்விகளுக்குப் பதில் சொன்னால், அனுபவத்தைக் கொண்டே முழுப் பட்டமும் பெறலாம். இந்தியாவில் 2023-இல் வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பு, 30 மணி நேரக் கற்றலை ஒரு கிரெடிட்டாகவும், 1,200 மணி நேரத்தை ஓராண்டுக்குரிய 40 கிரெடிட்டாகவும் வைத்து, வேலை அனுபவத்துக்கும் அந்தக் கணக்கில் இடம் கொடுத்திருக்கிறது.

இப்படிக் கொடுத்தால் பட்டம் மலிந்துவிடாதா என்கிறார்கள். நியாயமான பயம்தான். ஒரே தொழிலில் ஒரே காலம் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே அளவு கற்றதில்லை. ஆகவே உழைத்த வருஷங்களை எண்ணி மதிப்பெண் போடக் கூடாது. என்ன தெரியும், ஏன் அப்படிச் செய்கிறீர்கள், வேறு மரமானால் என்ன செய்வீர்கள் என்று துருவிக் கேட்டுப் போட வேண்டும். அப்படிக் கேட்கப்படும்போது, கைக்கு மட்டும் தெரிந்திருந்ததை மனிதர் சொல்லாக்கிப் பார்க்கிறார். அதுவே ஒரு புதுப் படிப்பு.

எல்லையில் வாழும் எங்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. இங்கே பலருடைய தொழிலறிவு தமிழில் இருக்கிறது. விண்ணப்பமோ மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ வருகிறது. எழுதத் தெரிந்தவரின் அனுபவத்துக்கு மட்டுமே மதிப்பு என்றாகிவிட்டால், யாருக்காக இந்த ஏற்பாடோ அவரே வெளியில் நிற்பார். 1947-இல் தொடங்கிய சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. தமிழில் கேட்டு, தமிழில் சொன்னதை மதிப்பிட ஆளில்லாமல் போகவில்லை.

கேரளத்துக்கு இது எட்டாத காரியமும் அல்ல. 2018-இல் எழுத்தறிவு இயக்கத்தின் தேர்வை 96 வயதில் எழுதி, 100-க்கு 98 வாங்கினார் ஆலப்புழையின் கார்த்தியாயினி அம்மா. பெரியவர்களுக்குத் தெரியாததைக் கற்பிக்க வீடு தேடிப் போன மாநிலம் இது. அவர்களுக்குத் தெரிந்ததை மதிப்பிடவும் அதே அக்கறையோடு தோப்புக்கும் வயலுக்கும் போக வேண்டும்.