முடமானானா, முடமாக்கினோமா?



துறைமுகப் பட்டினமாகிய திருகோணமலையில் அன்புவழிபுரம் என்றோர் ஊர் உண்டு. பெயரைச் சொல்லிப் பாருங்கள். அன்பின் வழியில் நடப்போர் வாழும் ஊர் என்று அந்தப் பெயரே பொருள் சொல்லும். ஆனால் அந்த மாவட்டமும் நம் நாடும் கடந்து வந்த பாதையை எண்ணும்போது, அன்புக்கு நேர் எதிரான செயல்களைச் சொல்லவே நமக்குச் சொற்கள் மிகுதியாகத் தேவைப்பட்டிருக்கின்றன. அந்தச் சொற்களைச் சற்று எடுத்துப் பார்ப்போம். இலக்கணப் பாடம் நடத்துவதற்காக அல்ல. நம் மனச்சாட்சியைச் சோதித்துக்கொள்வதற்காக.

தீங்கு செய்வதைக் குறிக்கத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. காயப்படுத்தினான், ஊனப்படுத்தினான், முடமாக்கினான் என்கிறோம். மனத்தைப் புண்படுத்தினான், நோகடித்தான் என்கிறோம். தொழிலை முடக்கினான், குடும்பத்தைக் குலைத்தான் என்கிறோம். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் எல்லாம் ஒரே பொருள்தான். உற்றுப் பார்த்தால் அப்படி அல்ல. காயம் ஆறும், ஊனம் ஆயுள் முழுவதும் கூடவே வரும். முடக்குவது இன்னும் நுட்பமானது: கை இருக்கும், கால் இருக்கும், அறிவும் இருக்கும், இயங்க மட்டும் விடமாட்டார்கள். 'ஊறு' என்ற பழஞ்சொல்லோ நம்மைத் திடுக்கிட வைக்கிறது. தொடுதலுக்கும் அதுதான் பெயர். தீங்குக்கும் அதுதான் பெயர். தொடுகின்ற கைதான் அணைக்கவும் செய்கிறது, அடிக்கவும் செய்கிறது.

திருவள்ளுவர் இதற்கென்றே 'இன்னா செய்யாமை' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். பிறருக்கு இனிமை அல்லாத எதுவும் 'இன்னா' என்ற அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடும். "நான் அடிக்கவில்லையே, ஒரு வார்த்தைதானே சொன்னேன்" என்று எவரும் நழுவிப் போக அது இடம் தரவில்லை.

ஆனால் நழுவுவதற்கு நாம் வேறொரு வாசலைக் கண்டுபிடித்திருக்கிறோம். பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்பீர்கள். முறிந்தது, முறித்தான். சிதைந்தது, சிதைத்தான். குலைந்தது, குலைத்தான். முடங்கியது, முடக்கினான். ஒலியில் சிறு மாற்றம். அறத்தில் மலையளவு மாற்றம். முதற்சொல்லில் செய்தவன் இல்லை. இரண்டாவதில் அவன் நம் கண்முன் நிற்கிறான்.

2006 ஏப்ரல் 12ஆம் நாள் திருகோணமலை மரக்கறிச் சந்தையில் நடந்ததை நாம் எப்படிச் சொல்லிப் பழகியிருக்கிறோம்? "குண்டு வெடித்தது. கலவரம் மூண்டது. கடைகள் எரிந்தன. உயிர்கள் போயின." நான்கு வாக்கியங்கள், ஒன்றிலாவது ஒரு மனிதன் இருக்கிறானா? குண்டு தானாக வெடிப்பதில்லை, ஒருவன் வைக்கிறான். கடை தானாக எரிவதில்லை. ஒருவன் நெருப்பிடுகிறான், இன்னொருவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

மிதிவெடி என்ற சொல்லையும் எண்ணிப் பாருங்கள். விறகு பொறுக்கப் போன சிறுவன் 'மிதிவெடியை மிதித்தான். கால் போய்விட்டது' என்கிறோம். அந்த வாக்கியத்தில் ஏதோ செய்தவன் ஒருவனே. அவன் அந்தச் சிறுவன்! புதைத்தவனுக்கு அதில் ஒரு வினைச்சொல்கூட இல்லை. போரிட்ட இரு தரப்பும் மண்ணுக்குள் புதைத்தவை, 2009இல் போர் முடிந்த பின்னரும் காத்துக் கிடந்தன. இவ்வகை வெடிகளைத் தடைசெய்யும் 1997ஆம் ஆண்டு ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்துகொண்டது. அந்த உடன்படிக்கை எவரிடம் பேசுகிறது? 'பார்த்து நட' என்று சிறுவனிடம் அல்ல. 'பயன்படுத்தாதே, உற்பத்தி செய்யாதே, சேமித்து வைக்காதே, பிறருக்குக் கொடுக்காதே' என்று வலியவரிடம் பேசுகிறது. வினைச்சொல்லை அதற்கு உரியவரிடமே சேர்ப்பித்துவிட்டது.

போர் பெரிய விடயம். நமக்கும் அதற்கும் என்ன என்று கேட்பீர்கள். நம் வீட்டுக்குள் வருவோம். கணக்கில் குறைந்த புள்ளி வாங்கிய மகனை விருந்தினர் முன்னிலையில் மட்டந்தட்டுகிறோம். பிறகு அவன் வாய் திறப்பதில்லை. "பெடியனுக்குக் கூச்சம் வந்துவிட்டது" என்கிறோம். மருமகள் படித்த படிப்பை அடுப்படியில் முடக்கிவிட்டு, "அவளுக்கு வேலைக்குப் போக வாய்க்கவில்லை" என்கிறோம். அயல்வீட்டுப் பெண்ணைப் பற்றி ஒரு சொல்லை அவிழ்த்துவிட்டு, "அந்தக் கலியாணம் குழம்பிவிட்டதாம்" என்று வருத்தப்படுகிறோம். எல்லாம் தானாக நடந்தவை! பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிடும்போதும் இதே நடைதானே? "வீட்டில் சண்டை வந்தது, சுவாமி" என்கிறோம். சண்டை எந்தப் பேருந்தில் வந்து இறங்கியது?

"செய்தவன் பெயரைச் சொன்னால் பகை அல்லவா வளரும்? மறந்துவிடுவதே சமாதானம்" என்று நல்லவர்கள் சிலர் சொல்வார்கள். இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. பெயர்களைச் சொல்லிச் சொல்லியே பழிவாங்கியவர்களையும் இந்நாடு கண்டிருக்கிறது. ஆனாலும் யோசியுங்கள்: 'நடந்துவிட்டது' என்பதை யாரால் மன்னிக்க முடியும்? புயலை எவரும் மன்னிப்பதில்லை. மனிதனைத்தான் மன்னிக்க முடியும். எழுவாய் இல்லாத வாக்கியத்தில் குற்றமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. ஆகவே பகை வளராதிருக்க வழி, செய்தவனை மறைப்பது அன்று. 'நீ செய்தாய்' என்று சுட்டுமுன், 'நான் செய்தேன்' என்று தொடங்குவது.

செய்யாமல் விடுவதும் இதில் அடங்கும். மாற்கு நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில், கை சூம்பிய ஒருவனைத் தொழுகைக் கூடத்தின் நடுவே நிற்கச் சொல்லுகிறார் இயேசு. ஓய்வுநாளில் நன்மை செய்வதா, தீமை செய்வதா என்று அங்கிருந்தோரைக் கேட்கிறார். அவர்கள் மௌனம் சாதிக்கிறார்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பதை அவர் மூன்றாவது வழியாக வைக்கவே இல்லை! வலுவிழந்தோர் உரிமைகளைக் காக்க இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆயினும் சாய்தளம் இல்லாத படிக்கட்டுகள் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும், ஏன், ஆலயங்களிலும் இன்னும் உண்டு. சக்கர நாற்காலியில் வந்தவர் வாசலோடு திரும்பிப் போகிறார் என்றால், அவரை முடக்கியது அவருடைய காலா, நாம் கட்டிய படியா?

தீங்கைக் குறிக்கும் இந்தச் சொற்கூட்டத்தில் ஒன்று மட்டும் நல்ல வேலைக்கு வந்திருக்கிறது: 'செயலிழக்கச் செய்தல்'. வெயிலில் முழந்தாளிட்டு, மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டி, மிதிவெடிகளைச் செயலிழக்கச் செய்தவர்களில் நம் பெண்களும் பலர். மனிதனை அல்ல, மனிதனை முடமாக்கும் பொருளை அவர்கள் முடமாக்கினார்கள்.

இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும் நாமும் அப்படியே முழந்தாளில் சிறிது நேரம் இருப்போம். நம் வீட்டில் புதைந்து கிடப்பது எது? 'மனம் முறிந்தது' என்று இதுவரை சொல்லிவந்ததை, ஒரே ஒருமுறை, உரியவரிடம், 'நான் முறித்தேன்' என்று சொல்லிப் பார்ப்போம். அன்புக்கு வழி அங்கிருந்துதான் தொடங்குகிறது.