முகம் இல்லாத அஞ்சலி

புதுக்கோட்டை மாவட்டத்து ஒலியமங்கலத்தைத்தான் சங்க கால ஒல்லையூர் என்கிறார்கள். அந்த ஊர்கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடிய கையறுநிலை, புறநானூற்றின் 242ஆம் பாட்டு. சாத்தன் கறுப்பா சிவப்பா, நெட்டையா குட்டையா, ஒன்றும் அதில் இல்லை. அவன் வேல்வன்மை மட்டும் சொல்லப்படுகிறது. மற்றபடி பாட்டை நிறைத்திருப்பது, பூத்தும் சூட ஆளற்றுப்போன முல்லை.

இந்தப் பாட்டோடு சேர்ந்தே எனக்கு நினைவுக்கு வரும் ஒரு கல்லச்சுப் படம் உண்டு. அமெரிக்க ஓவியர் ராபர்ட் மதர்வெல்லின் ‘லோர்காவுக்கான புலம்பல்’. ஸ்பானியக் கவிஞர் ஃபெடரிகோ கார்சியா லோர்கா 1936 ஆகஸ்டில் கிரனாடாவுக்கு அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. மதர்வெல்லை அந்த ஸ்பெயினின் துக்கம் கடைசிவரை விடவில்லை. 1948இல் ஒரு கவிதைக்காக மையால் போட்ட சிறு படத்தில் தொடங்கி, உள்நாட்டுப் போரில் வீழ்ந்த ஸ்பானியக் குடியரசுக்கு இரங்கற்பாக்களாக நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் தீட்டினார். வெள்ளையில் பெரிய கறுப்பு முட்டை வடிவங்கள், அவற்றை இறுக்கி நிற்கும் கறுப்புப் பட்டைகள். 1980களின் தொடக்கத்தில் வந்த இந்தப் புலம்பலும் அந்த வம்சம்தான். லோர்காவின் முகத்தை அதில் தேடினால் கிடைக்காது.

நம் ஊரில் கவிஞருக்கு மரியாதை என்றால் முகம்தான்: சிலை, அஞ்சல்தலை, நாட்காட்டிப் படம். பாரதிக்கு மட்டும் முண்டாசும் மீசையுமாக நாலு கோடு போதும். அந்த அன்பு அருவத்தின் வாசல்வரை வந்துவிட்டது. ஆனால் கீரத்தனாருக்கு? தாடி வைத்து, கையில் ஓலைச்சுவடி கொடுத்து ஒரு கிழவரை வரைந்தால், அவர் வேறு யாரோ.

முகமில்லாமல் அஞ்சலி செய்யக் கல்லச்சு முறையிலேயே வழி இருக்கிறது. சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப்பசையுள்ள மையால் வரைவார்கள். கல்லை நனைத்தால் வரையாத இடமெல்லாம் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். மை உருட்டும்போது அந்த ஈரம் மையை அண்டவிடாது. வெற்றிடம் தன் வேலையைச் செய்வதால்தான் படம் விழுகிறது. கீரத்தனார் சாத்தனை அங்கம் அங்கமாக வருணித்திருந்தால், எப்போதோ மாண்ட ஒருவனோடு அந்த அழுகை முடிந்திருக்கும். அவர் விட்டுவைத்த இடத்தில் என் தகப்பனாரை வைத்து நான் அழ முடிகிறது. இறந்தவருக்கென்று காலியாக விட்ட இடத்தில்தான் பிறர் துக்கமும் வந்து உட்காருகிறது.

அச்சுப்படத்தில் எந்தப் படியும் நகல் ஆகாது, ஒவ்வொன்றும் மூலமே. பாட்டுக்கும் அதுதான் கதி. கீரத்தனார் எழுதிய ஓலை எங்கே போயிற்று? பெயர் தெரியாத எத்தனையோ பேர் ஏடு ஏடாகப் படியெடுத்து, 1894இல் உ.வே.சாமிநாதையர் அச்சில் ஏற்றியதால் சாத்தனின் முல்லை நம் கைக்கு வந்தது.

ஆகவே புதுக்கோட்டை ஓவியர் எவரேனும் கீரத்தனாருக்கு ஒரு படம் செய்ய நினைத்தால், கித்தானில் ஒற்றைப் படமாக வேண்டாம், அச்சாகச் செய்யட்டும். முகம் வேண்டாம். முல்லையைக்கூட வரைய வேண்டாம். ஒலியமங்கலத்துப் பிள்ளைகள் வீட்டுக்கு ஒன்றாக எடுத்துப்போகிற அளவுக்குப் படிகள் போடட்டும்.