ஒன்றை மட்டும் மாற்று

ஐம்பது வயதுக்கு மேல்தான் வீட்டிலேயே நெக்ரோனி கலந்து பார்க்கும் ஆசை வந்தது. கணக்கு சுலபம். ஜின், காம்பாரி, இனிப்பு வெர்மூத், மூன்றும் சம அளவு, தலா 30 மி.லி. ஐஸ் போட்டுக் கலக்கி, மேலே ஒரு சீவல் ஆரஞ்சுத் தோல். காம்பாரி கசக்கும், வெர்மூத்தின் இனிப்பு அதைத் தாங்கும், இரண்டையும் அசமந்தமாக விடாமல் ஜின் உசுப்பும்.

இவ்வளவு சுலபமாக இருந்தால் கை சும்மா இருக்குமா? இரண்டாவது வாரமே ‘நம்ம ஊர் நெக்ரோனி’ செய்யக் கிளம்பினேன். ஜின்னுக்குப் பதில் ரம். வெர்மூத்துக்குப் பதில் கருப்பட்டிப் பாகு. போதாக்குறைக்கு இரண்டு ஸ்பூன் புளிக்கரைசல். ஒரு வாய் வைத்தேன். ரசத்தில் இருமல் மருந்தை ஊற்றியதுபோல் இருந்தது. மனைவி மோந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: “இதுல எதுங்க கெட்டுப்போச்சு?”

பதில் தெரியவில்லை. உறைத்தது அதுதான். எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் கைவைத்ததால், குற்றவாளி யாரென்று எனக்கே பிடிபடவில்லை.

இந்தப் பானம் பிறந்த கதை வேறு மாதிரி. 1919-இல் ஃப்ளாரன்ஸ் நகரத்துக் கசோனி கஃபேயில், கமில்லோ நெக்ரோனி என்ற பிரபு, தான் வழக்கமாகக் குடிக்கும் அமெரிக்கானோவில் (காம்பாரி, வெர்மூத், சோடா கலந்த பானம்) சோடாவுக்குப் பதில் ஜின் ஊற்றச் சொன்னாராம். கலந்து கொடுத்த ஃபோஸ்கோ ஸ்கார்செல்லி, கிளாஸ் மாறிவிடாமல் இருக்க எலுமிச்சைக்குப் பதில் ஆரஞ்சுத் துண்டைச் செருகினார் என்பார்கள். பிறகு ஜின்னை எடுத்துவிட்டு அமெரிக்க விஸ்கி ஊற்றினார்கள். அது பூலவார்டியே ஆனது. 1970-களில் மிலானின் பாஸோ பாரில் மிர்கோ ஸ்டொக்கெட்டோ, ஜின் என்று நினைத்து நுரைக்கும் வைனை ஊற்றிவிட்டார் என்று ஒரு கதை. அதற்கு ‘ஸ்பாலியாத்தோ’ என்றே பெயர். இத்தாலிய மொழியில் ‘தவறிப்போனது’ என்று பொருள். தவறிப்போனதும் நிலைத்துவிட்டது. ஏனென்றால் இந்த மூன்று கதைகளிலும் காம்பாரியும் வெர்மூத்தும் இடம்விட்டு நகரவில்லை.

யோசித்தால், புளிக்கரைசல் வேலையை நான் வாழ்க்கையிலும் செய்திருக்கிறேன். ஒரே ஆண்டில் வேலையை விட்டேன், ஊர் மாறினேன், இருபது வருடமாக விடிகாலையில் நடந்த நடையையும் நிறுத்தினேன். புதுசாக வாழப்போகிறோம் என்ற மிதப்பு. மூன்றாம் மாதம் தூக்கம் போயிற்று. முதலில் விட்ட வேலையை நினைத்து மருகினேன். பிறகு ஊரைத் திட்டினேன். கடைசியில் ஒன்றும் தோன்றாமல் செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி நடக்கத் தொடங்கினேன். பத்தே நாளில் தூக்கம் திரும்பிவிட்டது. பாவம், ஊர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

மாறவே கூடாது என்று சொல்லவில்லை. பழையதை அதன் அளவோடு நாலு தடவை செய்து பார்த்தவனுக்குத்தான், எதை எடுத்தால் எது சாயும் என்று தெரியும். அது தெரியாமல் செய்யும் புதுமை வெறும் பொறுமையின்மை.

அடுத்த முறை மூன்று புட்டிகளையும் அப்படியே விட்டுவிட்டேன். ஆரஞ்சுத் தோலை மட்டும் மாற்றினேன். கூடையிலிருந்த நார்த்தங்காய் ஒன்றை எடுத்து, வெள்ளைப் பகுதி ஒட்டாமல் கட்டைவிரல் அகலத்துக்குத் தோலைச் சீவினேன். கிளாஸுக்கு மேலே பிடித்து வளைத்ததும், எண்ணெய் பொடித் திவலையாகத் தெறித்துப் பானத்தின் மேல் படர்ந்தது. காம்பாரியின் கசப்புக்கு உறவுக்காரக் கசப்பு ஒன்று வந்து சேர்ந்ததுபோல் ஒரு வாசனை.

“ஊறுகாய்க்கு வாங்குனதுல கை வச்சுட்டீங்களா?” என்றாள் மனைவி. இந்தத் தடவை கேள்விக்குப் பதில் இருந்தது.

நார்த்தங்காய் கிடைக்காத மாதங்களில் ஆரஞ்சுக்கே திரும்பிவிடுகிறேன். மற்ற மூன்றையும் தொடாததால், திரும்புகிற வழி திறந்தே இருக்கிறது.