சகோதரனுக்குத் தந்த அவயவம்



இரண்டு அங்கி உடையவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கவேண்டுமென்று அர்ச். ஸ்நாபக அருளப்பர் போதித்தார். அங்கியைக் கொடுப்பதே நமக்கு வருத்தம். சரீரத்துக்குள் இருப்பதைக் கேட்டால் என்ன சொல்வோம்?

அமெரிக்க தேசத்து மில்போர்ட் நகரில் 1919-ம் ஆண்டு ஒரு கத்தோலிக்க குடும்பத்தில் பிறந்தவர் ஜோசப் மர்ரே. சேசு சபைக் குருக்களின் திருச்சிலுவைக் கல்லூரியிலும், பின்பு ஹார்வர்டிலும் படித்து ரணவைத்தியரானார். இரண்டாம் உலக யுத்த காலத்தில், நெருப்பில் வெந்த போர்வீரர்களுக்குத் தோல் ஒட்டும் ஊழியம் அவருக்குக் கிடைத்தது. அந்நியர் தோலைச் சரீரம் சில நாட்களில் தள்ளிவிடுவதைக் கண்டார். ஒரே கருவில் உண்டான இரட்டையருக்குள் மட்டும் அப்படி நேராதென்று அறிந்தார்.

1954-ல் ரிச்சர்டு ஹெரிக் என்ற 23 வயது வாலிபர் சிறுநீரகம் இரண்டும் கெட்டு, சாகும் தறுவாயில் இருந்தார். அவருடைய இரட்டைச் சகோதரர் ரொனால்டு தமது சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுக்க முன்வந்தார்.

இங்கே மர்ரேயின் மனச்சாட்சிக்குச் சோதனை வந்தது. சுகமாயிருப்பவனை, அவன் சரீரத்துக்கு யாதொரு நன்மையுமில்லாமல் அறுப்பது தகுமோ? அவரும் உடன் வைத்தியர்களும் அவசரப்படவில்லை. பல மதத்துக் குருமாரிடமும் ஆலோசனை கேட்டார்கள். ஆபத்தை மறைக்காமல் ரொனால்டுக்கு எடுத்துச் சொன்னார்கள். முந்தின இரவு ரிச்சர்டே, வேண்டாம், வீட்டுக்குப் போய்விடு என்று சீட்டு அனுப்பினார். ரொனால்டோ போக மறுத்துவிட்டார்.

டிசம்பர் 23-ந் தேதி, பாஸ்டன் நகரில், ஐந்தரை மணி நேரம் ரணசிகிச்சை நடந்தது. இரத்தம் பாய்ந்தவுடன் புதுச் சிறுநீரகம் சிவந்து வேலை செய்யத் தொடங்கிற்று. ரிச்சர்டு தம்மைப் பராமரித்த தாதியையே மணந்து, இரு பெண் குழந்தைகளுக்குத் தகப்பனாகி, 1963 வரை ஜீவித்தார். கொடுத்த ரொனால்டு 2010 வரை வாழ்ந்தார். மர்ரே 1990-ல் நோபல் பரிசு பெற்று, 2012-ல் தமது 93-ம் வயதில் மரித்தார்.

பிரியமானவர்களே, கத்தி மாத்திரம் இந்த நன்மையைச் செய்யவில்லை. ஒருவன் மனதாரக் கொடுத்தான். மற்றவன் கொடுப்பவனின் சுயாதீனத்தை மதித்துக் காத்திருந்தான். வற்புறுத்தியோ விலைபேசியோ வாங்கும் அவயவம் தானமல்ல. அது சிநேகத்தில் பிறக்கவேண்டுமென்று 2000-ம் ஆண்டில் இரண்டாம் அருள் சின்னப்பர் பாப்பரசரும் போதித்தார்.

மரித்தபின் கொடுப்பதற்குச் சிலர் அஞ்சுகிறார்கள்: உத்தான நாளில் கண்ணில்லாமல் எழுந்திருப்போமோ? மண்ணிலிருந்து மனுஷனை உண்டாக்கின சர்வேசுரனுக்கு இது கடினமோ? பார்வையற்றோருக்காக இறந்தவர் கண்ணின் பகுதியை எடுப்பது பாவமல்லவென்று 12-ம் பத்திநாதர் 1956-லேயே தெளிவித்திருக்கிறார்.

ஆகையால் இன்றிரவு ஜெபமாலை முடிந்தபின், குடும்பமாய் உட்கார்ந்து இதைப் பேசுங்கள். உங்கள் விருப்பத்தை வீட்டார் அறியட்டும். சாவுவீட்டின் அழுகைக்குள் அவர்கள் திகைத்து நிற்கவேண்டாம். நமக்காகத் தமது சரீரத்தையே கையளித்த சேசுநாதர், கொடுக்கும் மனதை நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.