வெளிப்படாத அறம்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை விதிகள் (குடத்திலிட்ட பெயரோலையை எடுத்து ஊர்ச் சபையினரைத் தேர்ந்தெடுக்கும் முறை) இரண்டு கல்வெட்டுகளாக உள்ளன: கி.பி. 919இல் ஒன்று, 921இல் திருத்தி எழுதியது மற்றொன்று. பிந்தையதன்படி, எடுத்த ஓலையை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். மனம் தூய்மையாக இருந்தால் போதாதா? போதாது, பொதுக் காரியத்தில் நேர்மை ஊர் கண்ணுக்குத் தெரியவும் வேண்டும்.

முதன்முறை இணையதளம் ஏற்றுபவருக்கும் இதே நியாயம்தான். கோப்புகள் சர்வரில் இருக்கும். ஆனால் இணையத்தில் காட்டப்படும் ஃபோல்டருக்கு (பல ஹோஸ்டிங்குகளில் public_html) வெளியே கிடந்தால் பக்கம் திறக்காது. யாரும் பார்க்காவிட்டாலும் இருப்பது இருப்பதுதானே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் பிறருக்காகச் செய்தது பிறரை எட்டும்வரை முடிந்ததாகாது. முதல் முயற்சியில் பிழை வருவது குற்றமல்ல. சோழர் காலச் சபையே இரண்டாண்டில் தன் விதியைத் திருத்தியது. ஏற்றியதும் இன்னொருவர் போனில் திறந்து பாருங்கள்.