அறியும் கடன் யாருடையது?

மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும், எழுவான்கரையாயினும் படுவான்கரையாயினும், கூந்தலுக்கு வேண்டிய எண்ணெயை வீட்டிலேயே காய்ச்சிக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் நிலவிற்று. தேங்காயெண்ணெயிற் கரிசலாங்கண்ணியும் செவ்வரத்தம்பூவும் வெந்தயமும் இட்டுக் காய்ச்சியவளே அதனைத் தன் மகளின் தலையிலும் தேய்த்தாள். ஆக்கியவளும் அறிந்தவளும் ஒருத்தியே. அவ்வெண்ணெய் யாவும் குற்றமற்றவை என்பது இதன் கருத்தன்று. பழமை ஒன்றே நன்மைக்குச் சான்றாகாது. ஆயினும் கேடு விளைந்தால் யாரைக் கேட்பது என்ற ஐயம் அங்கு எழவில்லை. இன்று காத்தான்குடிக் கடையிலோ களுவாஞ்சிக்குடிச் சந்தையிலோ வாங்கப்படும் தலைச்சாயப் பொதியை ஆக்கியவர் ஒருவர், இறக்குமதி செய்தவர் வேறொருவர், விற்பவர் மற்றொருவர். பூசிக்கொள்பவளுக்கு எஞ்சுவது, பொதியின் பின்புறத்தே பொடி எழுத்தில் அச்சிடப்பட்ட இரசாயனப் பெயர்ப் பட்டியல் மட்டுமே.

இவ்விடைவெளியை நிரப்பவே செயற்கை நுண்ணறிவு முன்வந்துள்ளது. கைத்தொலைபேசியின் கமராவைப் பட்டியலின்மேற் பிடித்தால், அது பெயர்களை வாசித்து, நச்சியல் ஆய்வுகளோடு ஒப்பிட்டு, இது தகும், இது தகாது எனக் கூறும். முன்னர்ச் சோதிக்கப்பட்ட சேர்வைகளின் மூலக்கூற்றமைப்பைக் கற்று, சோதிக்கப்படாதவற்றின் தன்மையை ஊகித்துரைக்கும் பொறிகளும் உள.

இம்முயற்சியின் தேவை அமெரிக்கக் கறுப்பினப் பெண்களிடையே மிகக் கூர்மையாக உணரப்பட்டது. 2022ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கியது. கூந்தலை நேராக்கும் பொருள்களை ஒருபோதும் பயன்படுத்தாதவர்களுள் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு நூற்றுக்கு 1.64 எனவும், அடிக்கடி பயன்படுத்துவோருள் 4.05 எனவும் அது மதிப்பிட்டது. அப்பொருள்களைப் பயன்படுத்தியோருள் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபதின்மர் கறுப்பினத்தவர். தொடர்பு காணப்பட்டமையாலேயே காரணம் நிறுவப்பட்டதாகாது என்பது உண்மையே. ஆயின் அவர்கள் வெறும் ஆடம்பரத்துக்காகக் கூந்தலை நேராக்கினர் எனக் கொள்வது பிழை. இயற்கைச் சுருளோடு வந்தால் பாடசாலையும் தொழிலகமும் முகஞ்சுளித்தன. அதனைத் தடுக்கக் கலிபோர்னியா மாநிலம் 2019இல் தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

வாவிக்கரைப் பெண்ணின் நிலை அதுவன்று. எனினும் பெண்பார்க்கும் நாளில் நரை தெரியலாகாது, மணநாளில் முகம் வெளுத்திருக்க வேண்டும், கூந்தல் நேராக விழவேண்டும் என்ற எதிர்பார்ப்பும் ஒருவகை நிர்ப்பந்தமேயாம். அவ்வெதிர்பார்ப்பை உடையோர் அதன் விலையைத் தம் உடலால் இறுப்பதில்லை.

பொறியின் துணை இங்கு எத்துணைப் பயன்படும்? எழுதியதையே அது வாசிக்கும். கூந்தலை நேராக்கும் திரவங்கள் சிலவற்றில் மெதிலீன் கிளைக்கோல் சேர்க்கப்படுகின்றது. இது போமல்டிகைட்டு நீரோடு கூடிய வடிவமே. சூடேற்றும்போது அந்நச்சு வாயு வெளிப்படும். 'போமல்டிகைட்டு அற்றது' என்ற முத்திரையோடு விற்கப்பட்டவற்றிலும் அது காணப்பட்டதென அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புத் துறை 2011இல் எச்சரித்தது. 'கறுப்பு மருதோன்றி' எனப்படுவதிலும் இலையின் பெயரே முன்னிற்கும். உள்ளே பராபினைலீன்டயமீன் என்ற சாயப்பொருள் கலந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் இதனைத் தலைச்சாயத்தில் நூற்றுக்கு 2க்கு மேற்படாது அனுமதித்து, தோலிற் பூசுவதை முற்றாக விலக்கியுள்ளது. முகவெண்மைக் களிம்புகளிற் கலக்கப்படும் பாதரசமோ பட்டியலில் இடம்பெறுவதே அரிது. 2013இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை அதனை விலக்க முனைந்த பின்னரும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் அவ்வுலோகம் அழகின் பெயரால் விற்கப்பட்டே வருகின்றது. கமராவுக்குப் பாதரசம் தெரியாது.

மேலே குறித்த 2022ஆம் ஆண்டு ஆய்விற்கூட, பெண்கள் பூசியவற்றின் வணிகப் பெயர்களோ உள்ளடக்கமோ சேகரிக்கப்படவில்லை. அத்துணைப் பெரிய ஆய்வுக்கே தெரியாத ஒன்றை, அத்தகைய ஆய்வுகளிலிருந்து கற்கும் பொறி எங்ஙனம் அறியும்? கற்பிக்கப்பட்டது யாரைக் கொண்டு என்பதும் ஒரு வினா. 2018இல் வெளியான மற்றோர் ஆய்வில், முகத்தைக் கண்டு ஆண் பெண் பிரித்தறியும் மூன்று வணிகப் பொறிகள் சோதிக்கப்பட்டன. வெண்ணிற ஆடவரிடத்து அவற்றின் பிழை நூற்றுக்கு 0.8ஐத் தாண்டவில்லை, கருநிறப் பெண்டிரிடத்து 34.7 வரை சென்றது. அழகுப் பொருளை ஆராயும் பொறி வேறுதான். எனினும் எவர் உடல் ஏட்டில் ஏறவில்லையோ அவர் அங்கும் புறத்தே நிற்பர்.

இவையெல்லாம் காலப்போக்கிற் திருந்தக் கூடியவை. திருந்திய பின்னரும் நிற்பது அறநெறி சார்ந்த சிக்கலே. விற்பவன் தீங்கற்றதை விற்கக் கடமைப்பட்டவன்; வாங்குபவள் அவனைச் சோதிக்கக் கடமைப்பட்டவளல்லள். பொறி அவள் கைக்கு வந்தவுடன் இம்முறைமை ஓசையின்றித் தலைகீழாகிறது. 'கருவி இருந்தது, பார்த்திருக்கலாமே' என்ற சொல் பிறக்கின்றது. அறிவைக் கொடுப்பதுபோலக் குற்றத்தையும் அவள் தலையிலேயே கொடுத்துவிடும் ஏற்பாடு இது. இனி, அழகு நிலையத்திற் கூலிக்கு நிற்கும் இளம்பெண்ணை எடுத்துக்கொள்க. நாள் முழுதும் பிறர் கூந்தலைச் சூடேற்றி அவ்வாவியைச் சுவாசிப்பவள் அவள். வாங்குவதா விடுவதா என்று அவளை எவரும் கேட்பதில்லை. வாங்குவோர்க்கு உரைக்கும் பொறி அவளுக்கு எதையும் உரைப்பதில்லை.

எனவே பொறியை எறிந்துவிடுக என்பாரும் உளர். அஃது ஏற்புடைத்தன்று. ஆங்கிலப் பட்டியலைத் தமிழில் விளக்கிச் சொல்லும் துணையை, சட்டம் திருந்தும்வரை காத்திரு எனக் கூறி ஒரு தாயிடமிருந்து பறிப்பது கொடுமை. பொறி யார் கையில் முதலில் இருக்கவேண்டும் என்பதே கேள்வி. கொழும்புத் துறைமுகத்திற் சுங்கப் பகுதியினரிடமும், மாதிரிகளை ஆய்கூடத்திற் பகுத்தறியும் இரசாயனவியலாளரிடமும் அது இருந்தால், எந்தப் பொதியை முதலில் உடைத்துச் சோதிப்பது என்று காட்டும். பட்டியல் பொய்யாயினும் ஆய்கூடம் பொய்யாகாது. இலங்கையின் 1980ஆம் ஆண்டுச் சட்டம் 'அழகுசாதனப் பொருள்கள், சாதனங்கள், மருந்துகள்' என அழகுசாதனத்தையே தலைப்பின் முதலில் வைத்திருந்தது. 2015இல் அதனிடத்தே வந்த சட்டத்தின் பெயரில் மருந்து மட்டுமே நிற்கின்றது.