அளவுகோலும் மனச்சான்றும்

ஜப்பானின் வடகோடியிலுள்ள ஹொக்கைடோ தீவில், 2013 செப்டம்பர் 19 அன்று, ஓனுமா நிலையத்தில் சரக்கு இரயில் ஒன்று தடம் புரண்டது. உயிர்ச்சேதம் இல்லை. ஆயினும் பின்னர் வெளிவந்த செய்திகள் நம்மை வெகுவாய்ச் சிந்திக்க வைத்தன. தண்டவாளத்தின் பிசகு அனுமதித்த அளவைக் கடந்தும் செப்பனிடப்படாத இடங்கள் 97 எனச் சில நாள்களில் நிறுவனமே ஒப்புக்கொண்டது. விபத்து நேர்ந்த இடத்தின் அளவோ, விபத்துக்குப் பின்னரே அவசரமாய்க் குறைத்து எழுதப்பட்டிருந்தது. பாதையைப் பராமரிக்கும் 44 பிரிவுகளில் 33-இல் இத்தகைய பொய்க்கணக்கு இருந்தது.

இது தனியார் ஒருவரின் கடையன்று. 1987-இல் தேசிய இரயில்வே பிரிக்கப்பட்டபோது பிறந்த இந்நிறுவனத்தின் பங்குகள் அனைத்தும் அரசு சார்ந்த அமைப்பொன்றின் கையிலுள்ளன. ஆளரவம் குறைந்த பனிநாட்டில் வண்டியோட்டி இலாபம் காண இயலாதென்பதால், வருவாயில் விழும் குறையை ஈடுசெய்யத் தொடக்கத்திலேயே 68,220 கோடி யென் நிதி ஒதுக்கப்பட்டது. ஊரார் பணத்தில் ஓடும் வண்டியில் ஊராரின் உயிரே பொய்யான எண்களின்மேல் பயணம் செய்தது.

யார் குற்றவாளி? 2019-இல் சப்போரோ நீதிமன்றம் நிறுவனத்திற்குப் பத்து இலட்சம் யென் அபராதம் விதித்தது. குற்றஞ்சாட்டப்பட்ட முன்னாள் அலுவலர் மூவரையும் விடுவித்தது. ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்கப்படாதவரைத் தண்டியாமை நீதியே. அதில் நமக்குப் பிணக்கில்லை. ஆனால் அபராதமும் சுற்றிவளைத்துப் பொதுப்பணத்திலிருந்தே போயிற்றெனில், அந்த அபராதத்தால் தவறிழைத்தவர் யாரும் ஒரு காசும் இழக்கவில்லை!

ஆளும் பொருளும் பற்றாமல், கேட்டாலும் மேலிடம் தராதென்று அஞ்சி எண்ணை மாற்றிய கடைநிலைப் பாதை ஊழியரின் குற்றம் சிறிதே. அச்சம் குற்றத்தின் பொறுப்பைக் குறைக்குமென்பது திருச்சபையின் பழைய போதனை. பற்றாக்குறையை அறிந்தும் வினவாதிருந்தவரின் குற்றம் அதனினும் பெரிது. 1984-இல் ஒப்புரவு குறித்து எழுதிய மடலில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், சமூகப் பாவமென்பது பல தனியாள் பாவங்களின் திரட்சியே எனத் தெளிவாக்கினார். அமைப்பின்மேல் பழியைப் போட்டுவிட்டு எவரும் வெளியே நிற்க அவர் இடந்தரவில்லை.

பங்கு இல்லத்திற்கு வரும் அலுவலகத்தார் சிலர், "அங்கே எல்லாரும் அப்படித்தான், சாமி" என்பர். திருப்பலித் தொடக்கத்தில் நாம் அனைவரும் ஒருசேரப் பாவ அறிக்கை செய்கிறோம்; ஆனால் அங்கே 'நாங்கள்' என்னும் சொல்லே இல்லை. ஒவ்வொருவரும் 'நான்' என்றே சொல்கிறோம். செய்யத் தவறியதையும் சேர்த்தே சொல்கிறோம்.

பிறரைச் சொல்வானேன்? சென்ற மாதம் பங்குக் கணக்கேட்டின் மூன்று பக்கங்களில், நிதிக்குழுவினர் பார்த்திருப்பர் என்றெண்ணி, நாமும் படியாமலே கையொப்பமிட்டோம். நாம் பார்த்துக்கொள்வோம் என்று அவர்கள் எண்ணியிருந்தார்களாம். அந்த ஏடு இப்போது மீண்டும் நம் மேசைமேல் இருக்கிறது.